பெங்களூர் போய் ஆறு மணிக்குள் திரும்பும் வண்டி

1

நாங்கள் இருக்கும் கிட்வேயிலிருந்து தலைநகர் லுசாகாவுக்கு ஏறக்குறைய முந்நூற்று அறுபது கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்பட்டால் பத்து மணிக்குப் போய்விடலாம், தூதரகத்தில் என் பாஸ்போர்ட் வேலையை முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்று என் மகன் சேகர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து காட்டினான். இடது பக்கம் ஊர்ப் பெயர்கள்: இண்டோலா, கபிரி, காப்வே, லுசாகா. வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரில் மணியும் நிமிடமும். அடியில் ஒரு கோடு போட்டு, திரும்பி வரும் நேரம்: மாலை ஆறு.

நான் அந்தத் தாளை வாங்கிக் கிழித்தேன். இரண்டாகக் கிழித்தது போதவில்லை. சிறு சிறு துண்டாகும்வரை கிழித்தேன். மேஜையிலிருந்த தேநீர்க் கோப்பை கை பட்டு விழுந்து உடைந்தது.

"என்னப்பா பண்றே? பைத்தியமா?" என்றான் சேகர்.

"ஊர்ப் பேர் மட்டும் எழுது. நேரம் எழுதாதே."

"நேரம் இல்லாம எப்படி பிளான்? ஆபீஸ் பன்னிரண்டுக்கு மூடும்ப்பா."

அவனுக்கு வயது இருபத்து நான்கு. ஜாம்பியாவின் செப்புச் சுரங்க ஊருக்கு நாங்கள் வந்தபோது பதினொன்று. தமிழில் மணி சொல்வான்; நிமிடம் சொல்ல ஆங்கிலத்துக்குப் போய்விடுவான். அவன் அம்மா இறந்த பிறகு வீட்டில் தமிழ் பேச நான் ஒருவன்தான் மிச்சம். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஏன் பேசமாட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பாஸ்போர்ட் அவசரமாக வேண்டியிருந்தது. என் தம்பி கோவிந்தன் ஊரிலிருந்து எழுதிய கடிதம் அதற்குக் காரணம். சுங்குவார்சத்திரத்தில் ஏழுமலை என்று ஒருவன் இருக்கிறான். முன்பு எனக்குக் கீழே லாரி ஓட்டியவன். என் வாயிலிருந்து வந்த ஒரு பொய்யால் பதினான்கு வருடமாக அடி வாங்கிக்கொண்டிருக்கிறான். வைகாசி பத்தாம் தேதி அவன் பேத்திக்குக் காது குத்து. போகிற வழியில் அவனைப் பார்த்தால் இந்த முறை கொன்றுவிடுவதாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் நான் போய், அந்த ரோட்டில் நின்று, உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

2

எங்கள் தொழிற்சாலை ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே வயல்காட்டில் இருந்தது. இரும்பு வார்ப்படம் செய்தோம். இன்று அந்தப் பக்கமெல்லாம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று சொல்கிறார்கள். அன்று எங்கள் புகைபோக்கி ஒன்றுதான். நான் சேரப்பணஞ்சேரிக்காரன். மெட்ராஸில் பொறியியல் படித்துவிட்டு, வேறு கம்பெனிகளில் இருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் சொந்த ஊர்ப் பக்கம் வேலைக்கு வந்தேன். ஆறு லாரிகள் என் பொறுப்பு.

சரக்கு பெரும்பாலும் பெங்களூருக்குப் போகும். ஒரு லாரிக்கு இரண்டு டிரைவர்கள். ஒரு நாள் போய் இறக்குவார்கள், அங்கேயே படுப்பார்கள், மறுநாள் திரும்புவார்கள். பம்பாயிலிருந்து வந்த முதலாளி ஒருமுறை, "மெட்ராஸ், பெங்களூர் ஒரே நாளில் முடியாதா?" என்று கேட்டார். முடியும் என்று நான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஜீப்பை எடுத்துக்கொண்டு நானே பெங்களூர் போய் வந்தேன். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார். ஒவ்வோர் ஊரிலும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். சரக்கு ஏற்றிய லாரிக்கு என்று கொஞ்சம் கூட்டினேன். அதிகாலை மூன்றரைக்குப் புறப்பாடு, பதினொன்றுக்குப் பெங்களூர், பன்னிரண்டுக்குத் திரும்ப, மாலை ஆறு மணிக்குள் ஷெட். வண்டிக்கு ஒரு டிரைவர் போதும் என்றும் எழுதினேன். அழகாகத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். ஆறு மணிக்கு மேல் மூன்று முறை வந்தால் ஒரு வாரம் வண்டி கிடையாது.

ஷெட்டில் டிரைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஏழுமலைதான் பேசினான். அவனுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். நல்ல டிரைவர். வாய் கொஞ்சம் நீளம்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? இது ஜீப்பு ஓட்ன டைமா, லாரி ஓட்ன டைமா?"

"லாரிக்குச் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்."

"ஆள் எப்ப சாப்பிடுவான்னு போட்டுக்கீதா?"

சிரிப்பு கேட்டது.  அவன் தாளை விரலால் தட்டினான்.

"நீ ஆனி மாசம் போன சார். ரோடு மொட்டையா கெடந்திச்சி. மாசி மாசம் வந்து பாரு. வல்லத்தாண்ட ரோடு எங்க கீது? கொள்ளுதான் கீது. அது மேல வெத்து வண்டிய ஓட்டிகினு வந்தா பிரேக்கு நிக்குமா?"

"அங்கே மெதுவாப் போ. கோலார் பக்கம் நேரத்தைப் பிடிச்சுக்கோ."

"கோலார்ல போய் புடிக்கச் சொல்றாரு பா. நேரம் இன்னா மீனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவனை அறைந்தேன். கையை ஓங்கி முழு பலத்தோடு அறைந்தேன். அவன் உதடு கிழிந்து பல்லில் ரத்தம் தெரிந்தது. சிரிப்பு நின்றது. அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்; தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "சரி சார்" என்றான்.

அவன் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வெளியூர் இன்ஜினீயர் ஒருவன் அந்தத் திட்டத்தைப் போட்டிருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். நான் அந்த மண்ணில் பிறந்தவன். என் சொந்தத் தம்பி அந்த ரோட்டில் கொள்ளு போடுகிறவன். கொள்ளுச் செடியை வேரோடு பிடுங்கி வந்து தார் ரோட்டின் ஒரு பாதியில் பரப்புவார்கள். சுற்றிலும் கல் வரிசை வைப்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காய் உடையும். மாலையில் சக்கையை உதறித் தள்ளிவிட்டுப் பெண்கள் கொள்ளைக் கூட்டி அள்ளுவார்கள். இதற்கு எழுதாத ஒரு ஒழுங்கு உண்டு. டிரைவர் தூரத்திலேயே ஹாரன் அடிப்பான், வேகத்தைக் குறைப்பான். பெண்கள் ஓரமாக விலகுவார்கள். சக்கரம் கடந்ததும் திரும்ப வந்து குனிவார்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் அது நடந்தது.

முதலாளியின் காரில் ஒருமுறை அந்த வழியாக வந்தபோது, அவர் கண்ணாடி வழியே பார்த்துச் சிரித்து, "நெடுஞ்சாலையா, களமா?" என்று கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. என் திட்டத்தில் கொள்ளுக்கு நேரம் ஒதுக்குவதை அதனால்தான் தவிர்த்தேன். பம்பாய்க்குப் போகிற தாளில் 'கொள்ளு, இருபது நிமிடம்' என்று எழுதக் கை கூசியது.

3

இங்கே சுரங்கத்தின் வண்டிப் பட்டறையில் வேலை. காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும். வாசலில் காவலாளியிடம் "ம்வாஷிபுகேனி முக்வாய்" என்று காலை வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் மரியாதை தெரியாதவன் என்று நினைப்பார்கள். பதின்மூன்று வருடத்தில் பெம்பா மொழியில் எனக்கு உருப்படியாக வந்தது அந்த வணக்கம்தான். வண்டிகளுக்கு நேரம் போடுகிற வேலை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் மறுத்தேன். கீழ்ப் பதவியிலேயே இருந்தேன். என் மனைவிக்கு அதில் வருத்தம். காரணம் தெரியாமலே இறந்துபோனாள்.

கோவிந்தனின் முதல் கடிதம் மாசியில் வந்தது. ஏழுமலை சிறையிலிருந்து வந்த பிறகு சுங்குவார்சத்திரத்தில் பஞ்சர் ஒட்டுகிறான் என்பது எனக்கு முன்பே தெரியும். அவன் மகளை ஒரகடம் பக்கத்தில் கொடுத்திருக்கிறான். அவளைப் பார்க்கப் போக வேண்டுமானால் வல்லம் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ரோட்டோரம் ஒரு சிறு ஊர் இருக்கிறது. அதன் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள் செய்ததற்கும் பொறுப்பு என்னுடையது. அந்த ஊர்க்காரர்கள் இரண்டு முறை அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி அடித்திருக்கிறார்கள். இந்த மாசியில், பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மூன்றாவது முறை. சைக்கிள் செயினால் அடித்ததில் வலது கண் போய்விட்டது. "உங்க அண்ணன் வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும் என்று ஏழுமலை என்னிடம் சொன்னான்" என்று கோவிந்தன் எழுதியிருந்தான்.

நான் போகவில்லை. விரிவாக ஒரு கடிதம் எழுதி, அதை அந்த ஊரில் படித்துக் காட்டும்படி கோவிந்தனுக்கு அனுப்பினேன். நல்ல தமிழில் எழுதியிருந்தேன். நாகப்பன் என்பவன் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டான். ஏழுமலையின் லாரியில் அடிபட்டு இறந்துபோன பெண்ணின் அண்ணன் அவன். "ஆள் வெளிநாட்ல கீறான், கடுதாசி மட்டும் பேசுதா? குடிகாரன் எழுதி வாங்கிகினு வந்துட்டான்" என்றானாம். காது குத்து அன்று ஏழுமலை இந்தப் பக்கம் வந்தால் பிணமாகத்தான் போவான் என்றும் சொல்லியிருக்கிறான். ஏழுமலையோ போவேன் என்கிறான். "பேத்தி காது குத்துக்கு நான் போவாம வூட்ல குந்திகினு இருக்கணுமா?" என்று கேட்டானாம்.

இதையெல்லாம் எழுதிய இரண்டாவது கடிதம் வந்தபோது சித்திரை பிறந்துவிட்டது. என் பாஸ்போர்ட் காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது.

4

அன்று மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. திட்டம் தொடங்கி எட்டு மாதம். டிரைவர்கள் எப்படியோ ஓட்டிவிட்டார்கள். தை பிறந்ததிலிருந்து தாமதம் கூடிக்கொண்டே வந்தது. ஏழுமலை இரண்டு முறை ஆறு மணி தாண்டி வந்திருந்தான். அன்றும் தாண்டினால் அது மூன்றாவது முறை. எங்கே நேரம் போகிறது என்று கண்டுபிடிக்க நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு வல்லத்தைத் தாண்டி ஒரு மதகின் அருகே நிறுத்திக் காத்திருந்தேன்.

ஐந்து நாற்பதுக்கு அவன் லாரி தெரிந்தது. ஹாரன் அடித்தான். வேகத்தைக் குறைத்தான். பெண்கள் முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்கள். எல்லாம் வழக்கப்படி நடந்தது. அவன் அப்படியே வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஷெட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போயிருப்பான்.

நான் ஜீப்பிலிருந்து இறங்கி ரோட்டோரம் நின்றேன். கடிகாரம் கட்டிய கையை உயர்த்திக் காட்டினேன். மற்றக் கையை வீசி, வா வா என்றேன்.

இதைப் போலீஸிடமும் சொல்லவில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். வண்டி உறுமியது. காலி லாரி, பின்பக்கம் குதிக்கும். முனியம்மா என்கிற அந்தப் பெண் எல்லா லாரியும் மெதுவாகத்தான் வரும் என்ற பழக்கத்தில், ஓரத்தில் விட்ட கூடையை இழுக்க ஓரடி உள்ளே வந்து குனிந்தாள். அவன் பிரேக்கை மிதித்தான். கொள்ளுச் சக்கை மேல் சக்கரம் வழுக்கியது. லாரியின் பின்பாகம் பக்கவாட்டில் சுழன்று வந்து அவளைக் கல் வரிசையோடு சேர்த்து நசுக்கியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை.

ஏழுமலை ஓடிப்போகவில்லை. அந்த ரோட்டில் எத்தனையோ டிரைவர்கள் ஓடியிருக்கிறார்கள். அவன் குதித்து, அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தான். அவள் இடுப்புக்குக் கீழே ஒன்றும் சரியாக இல்லை. அவன் சட்டை முழுவதும் ரத்தம்.

"சார், ஜீப்ப எடு! உசுரு கீது சார், ஜீப்ப எடு!"

நான் அசையவில்லை. முதல் கல் பின்னாலிருந்து வந்து அவன் தலையில் பட்டது. அவளோடு சேர்ந்து விழுந்தான். பிறகு எல்லோரும் வந்தார்கள். கொள்ளுக்குக் காவலாக வைத்த கற்களையே எடுத்து அடித்தார்கள். செடி புரட்டும் கவைக்கோலால் முதுகில் குத்தினார்கள். ஒரு கிழவர் செருப்பால் முகத்தில் அடித்துக்கொண்டே அழுதார். முனியம்மாவை யாரோ அவன் கைக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவள் அதற்குள் இறந்திருந்தாள்.

நாகப்பன் என் சட்டையைப் பிடித்தான்.

"யோவ், நீ சேரப்பணஞ்சேரி ஆளுதானே? உங்க கம்பெனி வண்டிதானே இது? சொல்லுய்யா! எங்க வண்டியும்தான் ஓடுது, பஸ்ஸும்தான் ஓடுது. இவன் மட்டும் இன்னாத்துக்கு இந்த வேகம் வந்தான்?"

அவன் கையில் கல் இருந்தது. பதில் என் சட்டைப் பையில் இருந்தது. திட்டத்தின் நகல், என் கையெழுத்தோடு. அதை எடுத்திருந்தால் அந்தக் கல் என் தலையில் இறங்கியிருக்கும். அது நியாயமாகவும் இருந்திருக்கும்.

"குடிச்சிருக்கான்" என்றேன்.

சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்த வருடங்கள் அவை. லாரி டிரைவர் குடித்திருந்தான் என்றால் யாரும் இன்னொரு கேள்வி கேட்கமாட்டார்கள். நாகப்பன் என் சட்டையை விட்டான். அதுவரை அவர்கள் அடித்தது ஆத்திரத்தில். அதற்குப் பிறகு அடித்ததில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் அவன் இடது கையை ஒரு கல்லின் மேல் நீட்டி வைத்தான். நாகப்பன் தடியை ஓங்கினான். எலும்பு முறிந்த சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது.

"சார், சொல்லு சார்!" என்று ஏழுமலை கத்தினான். "டீ கூட குடிக்கல சார்! சித்தூர்ல கூட எறங்கல! சொல்லு சார்!"

அவன் டீ குடிக்காததற்குக் காரணமும் நான்தான். என் தாளில் அதற்கு நேரம் இல்லை.

போலீஸ் வந்தபோது அவனுக்கு நினைவில்லை. அவர்கள் கேட்டார்கள், நான் அதே வார்த்தையை மறுபடி சொன்னேன். கம்பெனி வக்கீல் அதை நாலு வாக்கியமாக்கினார். ஷெட்டில் இருந்த எல்லாத் தாள்களையும் வாங்கி உலையில் போட்டேன். கோர்ட்டில், நேரம் குறித்த தாள் ஒன்று இருந்ததா என்று கேட்டபோது, அப்படி எதுவும் இல்லை என்றேன். ஏழுமலை கூண்டில் நின்று என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்தான் என்று எழுத ஆசை. உண்மையில், நான் இன்னும் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்க்கிறவன்போலத்தான் பார்த்தான். அவனுக்கு இரண்டு வருடம் கிடைத்தது. ஓட்டுநர் உரிமம் போனது. அடுத்த ஆண்டே நான் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து ஆப்பிரிக்காவுக்கு வந்துவிட்டேன்.

5

லுசாகா பயணத்தன்று காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். தாளைக் கிழித்தாலும் சேகர் நேரங்களை மனதில் வைத்திருந்தான். இண்டோலா தாண்டியதும், "டென் மினிட்ஸ் லேட்" என்றான். 

கபிரிக்கு முன்னால் ரோட்டோரம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மரக்கரியும் விற்பார்கள். ஒருத்தி மூட்டையை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். சேகர் ஹாரனை அழுத்தினான். காலை எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டே ஒரு கையை வெளியே நீட்டி, போ போ என்று வீசினான்.

நான் அவன் கன்னத்தில் அறைந்தேன்.

கார் சரளைக் கல்லில் இறங்கி, ஆடி, நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சேகர் இறங்கிச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்து என்னை வெளியே இழுத்தான். கையை ஓங்கினான். "ஓட்டுறப்ப அடிக்கிறியா? ரெண்டு பேரும் செத்திருப்போம்!" மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் கத்தினான். கெட்ட வார்த்தைகள் பெம்பாவில் வந்தன. பிறகு ஓங்கிய கையிலிருந்த சாவியை ஆளுயரப் புல்லுக்குள் வீசி எறிந்தான்.

அந்தச் சாவியை ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினோம். இருவரும் மண்டியிட்டு, முகத்துக்கு நேராகப் புல்லை விலக்கிக்கொண்டு தேடினோம். அப்போதுதான் சொன்னேன். அவன் முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. ஆனி மாதத்து ஜீப்பிலிருந்து கோர்ட்வரை எல்லாம் சொன்னேன். அவன் தேடுவதை நிறுத்தவில்லை. கடைசியில் புல்லுக்குள்ளிருந்து கேட்டான்.

"அந்த டிரைவர் இன்னும் இருக்குதா?"

"இருக்கான்."

"ரெண்டு கையும் வச்சு?"

"ஒரு கை வளைஞ்சு போச்சு. ஒரு கண் இல்லே."

சாவியை அவன்தான் கண்டுபிடித்தான். மீதி வழியை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினான், என்னைத் தண்டிப்பதுபோல. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அலுவலகம் மூடியிருந்தது. ஒரே நாள் திட்டம் அன்றோடு முடிந்தது. ஒரு விடுதியில் தங்கினோம். ஒரே அறை; அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சாட்சி சொல்ல' என்று எழுதினேன். குமாஸ்தா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த நீதிமன்றம்?"

"நீதிமன்றம் இல்லை. ஒரு ரோடு."

"சம்மன் இருக்கிறதா?"

"ஒரு தபால் இருக்கிறது. தமிழில்."

அவர் பெருமூச்சு விட்டு, அதை அடித்துவிட்டு 'சொந்த வேலை' என்று எழுதிக்கொண்டார். மாலையில் பாஸ்போர்ட் கையில் கிடைத்தது. நான் ஊருக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் சேகர் பக்கத்துச் சுரங்க ஊரான சிங்கோலாவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போயிருந்தான். இப்போது மாதம் ஒருமுறை வருகிறான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான்.

6

வைகாசி பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு நானும் கோவிந்தனும் அந்த ஊரின் டீக்கடை முன்னால் நின்றோம். முந்தின நாளே நாகப்பனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். முப்பது, நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நாகப்பனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு மண்வெட்டிப் பிடியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

ஏழுமலை நடந்தே வந்தான். கையில் சீர்ப் பை. என்னைப் பார்த்ததும் நின்றான். இடது கை முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

"தோ வரான் பாரு குடிகாரன்" என்று யாரோ ஒருவன் சொன்னான். நாகப்பன் பிடியை நிலத்திலிருந்து எடுத்தான்.

"நாகப்பா, முதல்ல என்னைக் கேளு" என்றேன். வழியெல்லாம் தயார் செய்துவைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு அவன் குடிக்கலே. டீ கூடக் குடிக்கலே. ஆறு மணிக்குள்ளே வண்டி வந்தாகணும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். மதகுகிட்டே நின்னு, வேகமா வான்னு கையைக் காட்டினதும் நான்தான். அவன் மெதுவாத்தான் வந்தான். என்னைப் பார்த்துதான் அழுத்தினான்."



"அப்ப ஏன்யா குடிச்சிருக்கான்னு சொன்ன?" என்றான் நாகப்பன்.

"உன் கையிலே கல் இருந்தது. பயந்துட்டேன்."

"கடுதாசி நீதான் எழுதினியா?"

"நான்தான்."

"அது நெசமா?"

"நெசம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அது விழ வேண்டும் என்றும் விரும்பினேன். பதினான்கு வருடம் தள்ளிப்போட்டது அது. மண்வெட்டிப் பிடி ரோட்டில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"அப்ப இத்தினி வருசமா நான் யார அடிச்சிகினு இருந்தேன்?" என்றான் நாகப்பன்.

என்னைக் கேட்கவில்லை. ஏழுமலையைப் பார்த்துக் கேட்டான்.  நாகப்பன் அவன் கண்ணைப் பார்த்தான், கையைப் பார்த்தான். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் தன் முகத்தில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். முதலில் கன்னத்தில், பிறகு நெற்றியில், பிறகு முஷ்டியை மடக்கித் தலையில். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. "ஐயோ, ஓடாம நின்னானே! அவள தூக்கிகினு ஓடினானே!" என்று கத்திக்கொண்டே அடித்துக்கொண்டான். அவன் ஊர்க்காரர்கள் இழுத்தார்கள். அவர்களை உதறித் தள்ளிவிட்டு ரோட்டில் உட்கார்ந்து தார் மேல் தலையை முட்டினான்.

ஏழுமலை பையைக் கீழே வைத்தான். போய் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். நல்ல கையால் ஒரு மணிக்கட்டையும், வளைந்த கையால் இன்னொன்றையும் பிடித்தான். வளைந்த கைக்குப் பிடி போதவில்லை. அந்த மணிக்கட்டைத் தன் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

"வுடு" என்றான். "போதும் வுடு. கை நோவும்."

நாகப்பன் அடங்கும்வரை அப்படியே பிடித்திருந்தான். பிறகு எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டி, பையை எடுத்துக்கொண்டு ஒரகடம் பக்கம் நடந்தான். கூட்டம் வழி விட்டது. என்னைத் தாண்டும்போது அவன் என் பக்கம் திரும்பவில்லை. அவன் பார்வையில்லாத பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அதனாலா என்று எனக்குத் தெரியாது.

நாகப்பனைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை.